கல்லை ஏற்றிவந்தவர்

மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும். வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். அவர் ஏறும்போதும் வழிவிடுவார், இறங்கும்போதும் வழிவிடுவார். பிக்கப் நிறையச் சுமையோடு வளைவில் பாதி ஏறியிருப்பார். மேலே பஸ்ஸின் ஹாரன் கேட்டால் போதும், வண்டியை அப்படியே பின்னால் உருட்டிக்கொண்டு போய்ப் பாறையோரம் ஒட்டி நிறுத்திவிடுவார். பஸ் டிரைவர்கள் சிரித்தபடி கையை ஆட்டிவிட்டுப் போவார்கள். இவரும் பதிலுக்குக் கையை ஆட்டுவார், ஏதோ அவர்கள்தான் இவருக்கு உபகாரம் செய்ததுபோல.

கல்லூரிக்குப் போய்வந்த காலத்தில் காலை பஸ் தவறினால் அவர் வண்டியில்தான் அடிவாரத்துக்கு இறங்குவேன். குச்சிக்கிழங்கோ பலாவோ ஏற்றிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருப்பார். ஒருநாள் திரும்பும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்கண்ணா, ஏர்றது நாம. நாயம் நம்ம பக்கந்தானே? அவங்கதானே நிறுத்தோணும்?"

"அவங்களுக்கு என்ன அவசரமோ அம்மிணி."

"உங்களுக்கு அவசரமே வராதா?"

அடுத்த வளைவை ஒடித்துத் திருப்பினார். பிறகு, தன்னைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்ட மிகச் சில வார்த்தைகளைச் சொன்னார். இதே மலையில் திருப்புலி நாடு என்கிற பகுதியில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரையும் சிறு வயதிலேயே இழந்து, பெரியப்பா வீடு, மாமா வீடு, அத்தை வீடு என்று மாறி மாறி வளர்ந்தவர்.

"அடுத்தவங்க ஊட்டுல வளர்றப்ப ஒண்ணு தெரிஞ்சுக்கோணும் அம்மிணி. கதவை மறைக்காம உக்காந்தாப் போதும். ஆரும் வெரட்ட மாட்டாங்க."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தமே இல்லை. கியர் மாற்றுவது எப்படி என்று சொல்லித்தருகிற குரலில்தான் சொன்னார்.

எங்கள் ஊரில் மூன்று ரோடு கூடுகிற இடத்தில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. போரில் இறந்த எங்கள் ஊர்க்காரர்களுக்காக எழுப்பியது. கருங்கல்லில் மூன்று பெயர்கள். முதல் பெயர், வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறிப் போய்த் திரும்பாத ஒருவருடையது. அவர் தங்கள் வீட்டு முன்னோர் என்று இரண்டு குடும்பங்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. இரண்டாவது, எங்கள் பங்காளி வகையில் ஒரு சின்னத் தாத்தா. அவரை நேரில் பார்த்தவர்கள் இப்போது யாரும் இல்லை. மூன்றாவது பெயர் என் அண்ணனுடையது. வடக்கே எல்லையில், பனிமலையில் இறந்தான். அவன் பெயர்தான் கடைசி என்பதாலும், அவனுக்குத்தான் போட்டோ இருந்தது என்பதாலும், தூணுக்கு மேலே அவனுடைய மார்பளவுச் சிலை ஒன்றையும் வைத்தார்கள்.

அந்தக் கல்லையும் சிலையையும் அடிவாரத்திலிருந்து ஏற்றிவந்தது அவருடைய பிக்கப்தான். அப்போது அவர் எங்களுக்கு யாரோ ஒருவர். கல்லைப் பின்னால் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்திருந்தார். சிலையை மட்டும் முன் சீட்டில், தனக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, கயிற்றால் சீட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார். வண்டி ஊருக்குள் வந்தபோது பார்த்தவர்களுக்குச் சிரிப்பதா கும்பிடுவதா என்று தெரியவில்லை.

"பொறகால போட்டா ஒவ்வொரு வளைவுலயும் உருளுவாருங்க. மனசு கேக்கலை" என்றார்.

சிலையை இறக்கியபோது அம்மா பக்கத்தில் போய்ப் பார்த்தாள். அண்ணனுக்கு மீசை சரியாக முளைக்கவே இல்லை. சிலைக்கோ இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை.

"இது ஆருங்க சாமி?" என்று கேட்டாள்.

"மீசை இல்லாட்டி மிலிட்டரிக்காரர் மாதிரி இருக்காதுன்னு சிலை செய்யறவரு சொன்னாருங்க" என்று யாரோ பதில் சொன்னார்கள். அம்மா திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, அந்த வண்டிக்காரர் மட்டும் வீட்டு வாசலுக்கு வந்து, "நான் ஏத்தறப்பவே சொல்லியிருக்கோணுமுங்க. எனக்கு உங்க பையனைத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சிலை செய்தவர் கேட்க வேண்டிய மன்னிப்பை இவர் வந்து கேட்டுவிட்டுப் போகிறாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அதன்பிறகு சந்தைக்குப் போகும்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அம்மாவும் அண்ணியும் அவர் வண்டியில் போகத் தொடங்கினார்கள். அண்ணன் இறந்தபோது அண்ணியின் கையில் கைக்குழந்தை. கனி என்று பெயர். அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. எங்களோடுதான் இருந்தாள். கணீரென்ற குரல், பட்டென்று பேசுகிற சுபாவம். அந்தக் குரல் இரண்டு வருஷம் அடங்கிக் கிடந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவர் வண்டியில் போய்வருகிற நாட்களில் கேட்கத் தொடங்கியது. அம்மா அதைக் கவனித்தாள். நானும் கவனித்தேன்.

ஒரு மத்தியானம் அவர் வந்தார். வாசல் நிறையச் சாமை காயப்போட்டிருந்தோம். ஒரு மணிகூட மிதிபடாமல் ஓரமாகவே சுற்றி வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"ஏனுங்கம்மா, ஒண்ணு கேக்கோணும். தப்புன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"கேளு சாமி."

"உங்க மருமகளை நான் கட்டிக்கலாமுங்களா? முதல்ல உங்க வாயால வரோணும். அப்பறந்தான் மத்தவங்க."

அம்மா சாமையைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "நம்ம மலையில இது புதுசா? என்ற மாமியாளுக்கே ரெண்டாங்கட்டுத்தான். போனவனோட சேந்து இருக்கறவளும் சாகோணும்னு நம்ம சனம் எப்பச் சொல்லுச்சு?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து அண்ணி வந்தாள். இடுப்பில் கனி.

"ஏனுங்க, நீங்க கட்டிக்கப்போறது என்னையவா, எங்க அத்தையவா? என்னைய எப்பக் கேக்கறதா இருக்கறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். அம்மா சிரித்தாள். அண்ணன் போனபிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

திருமணத்துக்குப் பிறகு அவர் அண்ணியைத் தன் ஊருக்கு அழைத்துப்போகவில்லை. பேத்தியை விட்டு அம்மாவால் இருக்க முடியாது என்று எங்கள் ஊரிலேயே, எங்கள் வீட்டுக்கு மேற்கே, நடந்துபோகிற தூரத்தில் வீடு பிடித்தார். அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் முதலில் கண்ணில் படுவது அண்ணனின் போட்டோ. அதை மாட்டியது அவர்தான். பொங்கலன்று முதல் இலை போட்டோவுக்கு. அதன்பிறகு கனிக்கு, அண்ணிக்கு, வந்தவர்களுக்கு. கடைசியில்தான் அவர் உட்காருவார். மூன்று ரோட்டில் எல்லா வண்டிகளும் நினைவுத்தூணின் நிழலில்தான் நிற்கும். அவர் மட்டும் தள்ளி, வெயிலில் நிறுத்துவார். சிலையை மறைக்கக் கூடாதாம்.

கனிக்கு இரண்டு அப்பாக்கள் ஆனார்கள். கல்லப்பா, வண்டியப்பா. இதைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். வண்டியில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம், "கல்லப்பாகிட்டச் சொல்லிட்டு வா கண்ணு" என்று இறக்கிவிடுவார். அது ஓடிப்போய், "போயிட்டு வாரேன்" என்று சிலையைப் பார்த்துக் கையாட்டிவிட்டு ஓடிவரும். ஊரே அவரைப் புகழ்ந்தது. இப்படியொரு மனுசன் உண்டா என்றார்கள். அண்ணி மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒவ்வொரு குடியரசு தினத்திலும் தூணுக்கு மாலை போடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். வெளியூரிலிருந்து யாராவது பெரிய ஆட்கள் வருவார்கள். திருமணத்துக்கு முன்பு முதல் மாலை அண்ணிதான் போட்டாள். நினைவுத்தூண் கமிட்டிக்குத் தலைவர் அடிவாரத்து ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர். போரில் காலில் அடிபட்டவர். கெட்டவர் அல்ல. திருமணமான பிறகு வந்த முதல் விழாவில், அவர் அண்ணியை ஓரமாகக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"அம்மிணி, இந்த வருசம் உங்க அத்தை மட்டும் மாலை போட்டாப் போதும். மைக்குல வீரரோட மனைவின்னு சொல்லோணும். பக்கத்துல நீங்க ரெண்டு பேரும் நின்னீங்கன்னா வெளியூர்க்காரங்க என்ன நெனைப்பாங்க? நான் தப்பாச் சொல்லலை."

அண்ணி கையில் மாலை இருந்தது. அவள் சுபேதாரைப் பார்க்கவில்லை. தன் கணவரைப் பார்த்தாள். அவர் உடனே, "அதுவும் சரிதானுங்க" என்றார். அவள் கையிலிருந்து மாலையை வாங்கி அம்மாவிடம் கொடுத்தார். "வா, நாம அக்கட்டப் போயி நிக்கலாம்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

விழா முடிந்ததும் அண்ணி எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று தன் வீட்டுக்கு நடந்தாள். வீட்டுக்குள் வந்ததும் வெடித்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"அந்த மனுசன் சொன்னதுகூட எனக்கு வலிக்கலை. அவரு வேத்து ஆளு. நீங்க எதுக்குச் சரின்னீங்க?"

"பெரிய மனுசங்க சொல்றப்ப..."

"செத்தவரை நான் எறக்கி வெச்சுட்டுத்தான் உங்க கையைப் புடிச்சேன். நீங்க எதுக்கு அவரைத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டுத் திரியறீங்க? எனக்கு அவரு மேல பாசம் இல்லையா? நானா அழுகலை? ஆனா இந்த ஊட்டுல எனக்கு ஒரு புருசன் வேணும். எட்டத்துல நின்னு காவல் காக்கற ஆளு வேண்டாம்."

அவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அண்ணி ஸ்டூலைப் போட்டு ஏறினாள். அண்ணனின் போட்டோவைக் கழற்றினாள். முந்தானையால் துடைத்தாள். நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா மடியில் வைத்தாள்.

"இது உங்க ஊட்டுல இருக்கட்டும் அத்தே. அங்க ஒருத்தர் இருக்கறாரு. அவருக்கு எடம் பத்தலை."

அம்மா போட்டோவையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். மறுநாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அவர் அந்த வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்ததுகூடத் தெரியவில்லை.

அந்த ஒரு வருஷம் அவர் என்ன யோசித்தார் என்று எனக்குத் தெரியாது. வண்டியில் போகும்போது சில சமயம் வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார். ஒருமுறை மட்டும் கேட்டார்.

"அம்மிணி, உங்கண்ணன் இருந்திருந்தா என்னைய என்ன சொல்லியிருப்பாரு?"

"அவன் இருந்திருந்தா நீங்க எங்கண்ணிய எப்படிக் கட்டியிருப்பீங்க?" என்றேன்.

எனக்கு அவர்மேல் பாசம் உண்டு. அதோடு ஒரு சின்ன பயமும் உண்டு. எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிற மனுசன் கடைசியில் நம்மையும் விட்டுக்கொடுத்துவிடுவானோ என்கிற பயம். அண்ணிக்கு அதே பயம் எத்தனை மடங்கு இருந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த குடியரசு தினத்துக்கு, அண்ணி வருவதாக இல்லை என்றாள். அவர், "வரோணும்" என்றார். அப்படியொரு கட்டளையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அதனாலேயே அவள் கிளம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அடிவாரத்தில் அவரே போய் வாங்கிவந்த சாமந்தி மாலை அண்ணியின் கையில். கனியைத் தோளில் தூக்கிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, முன் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் அண்ணியை நிறுத்தி, தானும் அவளோடு நின்றார்.

சுபேதார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். வெளியூரிலிருந்து வந்த ராணுவ அதிகாரி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் கொடியைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள்.

"தம்பி, இந்த வரிசை வீரர் குடும்பத்துக்கு."

"ஆமாங்க."

"நீ அங்க பொறகால நிக்கலாமே. உனக்கே தெரியுமே."

அவர் நகரவில்லை. முகம் வெளுத்திருந்தது. கனியைத் தோளில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நான் இவ ஊட்டுக்காரனுங்க."

"அதுதான் தெரியுமே, நான் என்ன சொல்றேன்னா..."

"இல்லீங்க, நான் சொல்லிப்போடறேன். இந்தச் சிலை மலையேறி வந்தப்ப இத்தனை வளைவும் எம்பக்கத்துலதானுங்க உக்காந்து வந்துச்சு. நான் இங்க நிக்கறதுல அவருக்கு ஒண்ணும் கஷ்டமிருக்காதுங்க. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரித்தவரை வேறு யாரோ அதட்டினார்கள். சுபேதாரின் முகம் சிவந்தது. அவர் அண்ணனின் சிலையை அண்ணாந்து பார்த்தார், இவரைப் பார்த்தார், தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு கைத்தடியை ஊன்றி, உண்மையாகவே இரண்டு எட்டுத் தள்ளிப்போய் நின்றார். மைக்கில் பேசிய ஆசிரியர், "வீரரின்" என்று தொடங்கி, தடுமாறி, கடைசியில் அண்ணியின் பெயரை மட்டும் சொல்லி அழைத்தார்.

அண்ணி மாலை போட்டாள். திரும்பி வரும்போது சிலையையோ கூட்டத்தையோ பார்க்கவில்லை. நேராக வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவர் அப்போதும் கனியை இறுக்கிப் பிடித்தபடிதான் இருந்தார்.

இதனால் அவர் மாறிப்போய்விட்டார் என்று சொல்ல முடியாது. மறுநாள் காலை கிழங்கு ஏற்றிக்கொண்டு போனவர், முதல் வளைவிலேயே ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வண்டியை ஓரம் கட்டி நின்றார். அடுத்த பொங்கலுக்கும் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிட்டார். ஆனால் அந்த வெறும் ஆணியில் வங்கிக் காலண்டர் ஒன்றை மாட்டினார். போட்டோ எங்கள் வீட்டில்தான் இருந்தது. அண்ணியின் கணீர்க் குரல் மேற்கே அந்த வீட்டிலிருந்து எங்கள் வீடுவரை கேட்டது. பெரும்பாலும் அவரைத் திட்டுகிற குரல். சந்தோஷமாகத் திட்டுகிற குரல். பிறகு எனக்குக் கல்யாணமாகி ராசிபுரம் வந்துவிட்டேன். கனி படித்தாள். வளப்பூர் நாட்டிலிருந்து வாழவந்தி நாடுவரை அவர் வண்டி ஏறாத ஊர் இல்லை என்று சொல்லுமளவுக்கு ஓடினார்.

போன ஐப்பசியில், வீட்டு வாசலில் மிளகு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கனி அவர் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். மலை முழுவதிலுமிருந்து டிரைவர்கள் வந்திருந்தார்கள். சுபேதாரும் வந்திருந்தார். அந்த வயதில், அந்தக் காலோடு, வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

அம்மாவை நான்தான் கைப்பிடித்து அழைத்துவந்தேன். இப்போது அவளுக்குக் கண் மங்கல். நடக்கவும் துணை வேண்டும். அண்ணன் வந்தபோது அவள் அழவில்லை. கொடி போர்த்திய பெட்டியில் வந்தான். திறக்கிற நிலையில் இல்லை, திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மா பெட்டியின் மேல் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கி முழங்கியபோதும், மண் தள்ளியபோதும், கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. உள்ளே இருப்பது அவன்தானா என்று அவளுக்கு நிச்சயமில்லை என்பது எங்களுக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அவள் கட்டிலருகே வந்து குனிந்தாள். முதலில் கையால் தேடி அவர் தலையைக் கண்டுபிடித்தாள். பிறகு நெற்றி, புருவம், மூடிய கண்கள், நரைத்த தாடி. இரண்டு கைகளாலும் அந்த முகத்தை ஏந்திக்கொண்டு, தன் கண்ணுக்கு வெகு அருகில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு குரல் வந்தது அவளிடமிருந்து. அப்படியொரு குரல் அவளுக்குள் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. தலைமாட்டில் இருந்த அண்ணிகூட அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயாவது மொகத்தக் காட்டிட்டுப் போறயே சாமி" என்று சொல்லிச் சொல்லி, தூக்குகிற நேரம்வரை, அம்மா அழுதாள்.